தங்க ஓரக் கார்டுகள்

நிறுத்தத்தை விட்டு நகர்ந்த பஸ்ஸின் கதவைத் தட்டி, அதைத் திறக்கவும் வைத்த ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில், சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்த பஸ் அது. ஓட்டுநர் முடியாது என்று கையை ஆட்டினார். அந்த ஆன்ட்டி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கும்பிட்டார். பிறகு தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தார். முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கதவு திறந்தது. ஏறிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "மொதல்ல இல்லன்னுதாம்மா சொல்வாங்க. அது என்ன கடைசி பதிலா?" என்றார்.

எங்கள் கார்டு கடையில் அவருக்கு அப்பீல் ஆன்ட்டி என்று பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. புக்கிட் பாத்தோக்கில் ஒரு தொடக்கப்பள்ளி கேன்டீனில் பானக் கடை பார்த்துக்கொண்டிருந்தார். குள்ளமான உருவம், இறுக்கமான கொண்டை, கையில் எப்போதும் ஒரு குடை. சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போகிற உடுப்பிலேயே எங்கள் கடைக்கு வருவார். அங்கிருந்து நேராக மாதா கோயிலுக்குப் போவார்.

நம் ஊரில் அப்பீல் பண்ணாத குடும்பம் ஏது? கார் நிறுத்திய அபராதத்துக்கு ஒன்று, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்காததற்கு ஒன்று, வீட்டு விண்ணப்பம் திரும்பி வந்தால் ஒன்று. எழுதிப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். ஆன்ட்டி மறக்க மாட்டார். எம்.பி. மக்களைச் சந்திக்கிற நாளில் அங்கே உள்ள தொண்டூழியர்கள் இவரைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போடுவார்களாம். தனக்காக மட்டும் போவார் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டியின் மருத்துவக் கட்டணத்துக்காகப் போவார், பங்குச் சாமியார் தப்பான இடத்தில் வண்டியை நிறுத்தியதற்காகக்கூடப் போயிருக்கிறார். சாமியாரே வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை.

கணவர் இறந்தபோது மகனுக்கு இன்னும் பள்ளி வயது வரவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் வந்தது எல்லாமே கேட்டு வாங்கியதுதான். வாடகை வீடு, அப்புறம் பெரிய வீடு, பக்கத்துப் பள்ளியில் இடம், புத்தகத்துக்கு உதவி எல்லாம். ஒவ்வொன்றுக்கும் முதலில் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் திரும்பிப் போய் நின்றார். அப்படித்தான் அந்தப் பிள்ளையை வளர்த்தார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாரநாள்களில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் ஒரு கார்டு கடையில் போட்டி நடுவர். கீழே வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிற கடை, மேலே நாங்கள். படங்களும் சக்திகளும் அச்சடித்த கார்டுகளை ஆளுக்கொரு கட்டாகச் சேர்த்து ஒருவரோடு ஒருவர் மோதுகிற விளையாட்டு. எனக்குச் சட்டம் பிடிக்கும். விதிப் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கிற ரகம் நான். ஆகாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வாய் கூசாது. அதனால்தான் கடைக்காரர் ஆன்ட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

முதல் நாள் அவர் ஒரு பிஸ்கட் டின்னைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். திறந்து மேசைமேல் வைத்தார்.

"இதப் பாத்துச் சொல்லும்மா. நல்ல கார்டா?"

நல்ல கார்டுகள்தான். எல்லாவற்றுக்கும் தங்க நிற ஓரம். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கப் படமும் வேறு. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பல வருஷங்களுக்கு முன் உலகப் போட்டியில் ஜெயித்த ஒருவருடைய கட்டை அப்படியே நகலெடுத்து, கம்பெனியே நினைவுக்காக வெளியிட்ட செட். வீட்டில் ஆடலாம், கண்ணாடி அலமாரியில் வைக்கலாம். அதிகாரப்பூர்வப் போட்டியில் மட்டும் அனுமதி கிடையாது.

"அழகா இருக்கு ஆன்ட்டி. ஆனா டூர்னமெண்டுக்கு ஆகாது."

"போலியாம்மா?"

"போலி இல்ல. கம்பெனி அடிச்சதுதான்."

"கம்பெனிக்காரனே அடிச்சு, கம்பெனிக்காரனே வேணாங்குறானா? தங்க ஓரம் போட்டது ஒசத்திதான?"

நான் விதியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு டின்னை மூடினார். "சரி. இதுக்கு யாருகிட்ட அப்பீல் பண்ணணும்?"

அந்தக் கார்டுகள் யாருக்காக என்பதைத் தவணை முறையில்தான் சொன்னார். ஒரு சனிக்கிழமை கொஞ்சம், அடுத்த சனிக்கிழமை கொஞ்சம். மகன் பாலிடெக்னிக்கில் ஒரு பாடத்தில் தோற்றுவிட்டான். மறுதேர்வு தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆன்ட்டி போய் நின்று, அழுது, மறுபடி போய் நின்று அதை வாங்கிவிட்டார். தேர்வு நாள் காலையில் பையன் குளித்து, சாப்பிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தேர்வுக்குப் போகவில்லை. ஒரு கார்டு போட்டிக்குப் போய்விட்டான்.

அவன் வீட்டுக்கு வருவதற்குள் ஆன்ட்டிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவன் குளிக்கப் போனபோது மேசையில் இருந்த கட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே கொட்டினார். பதினான்காம் மாடி. கீழே போய் விழுகிற சத்தம் கூடக் கேட்கவில்லையாம்.

பையன் கீழே ஓடினான். துப்புரவுப் பணியாளரைக் கெஞ்சித் திறக்க வைத்துத் தேடினான். அதற்குள் லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. மேலே வந்தான், கையைக் கழுவினான், துணிகளை எடுத்துவைத்தான், போய்விட்டான்.

"கத்தியிருந்தாக்கூட பரவாயில்லம்மா. சோப்பு போட்டு ரெண்டு தடவ கை கழுவுனான். நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

மறுநாளே அவர் நகர மன்றத்துக்குப் போயிருக்கிறார். லாரி எங்கே போகும் என்று கேட்டு, குப்பை எரிக்கிற இடம் வரைக்கும் போன் போட்டிருக்கிறார். எடுத்தவர் நல்ல மனுஷன். ஆன்ட்டி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அது சாம்பலாகிவிட்டது என்றாராம்.

"அப்பயும் நான் விடல, யார்கிட்ட பேசணும்னு கேட்டேன். சாம்பலுக்கு யாருகிட்டம்மா பேசறது?" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகன் மார்சிலிங்கில் சிநேகிதனோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். முகவரி ஆன்ட்டிக்குத் தெரியாது. போனை எடுப்பதில்லை. கட்டைத் திருப்பிக் கொடுத்தால் பேசுவான் என்பது ஆன்ட்டியின் கணக்கு. ஆனால் கட்டில் என்னென்ன இருந்தது என்று அவருக்குப் பெயர் சொல்லத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் வருஷக்கணக்காகப் பார்த்த படங்கள் மட்டும் நினைவில் இருந்தன. சுருட்டுப் பிடிக்கிற குரங்கு, தலைகீழாக நிற்கிற மரம், ஈரத்துணி பிழிகிற பேய். எங்கள் ஆட்டத்தில் யாரும் அந்தக் கார்டுகளை அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அவர் சொன்னதும் எனக்கு எது எதென்று தெரிந்துவிட்டது. அந்தப் பேய் துணிதான் பிழிகிறது, நான்தான் அதுவரை கவனிக்கவில்லை.

அந்தப் படங்களைத் தேடி அவர் ஏறாத கடை இல்லை. கடைசியில் இணையத்தில் விற்கிற ஒருவன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினான். குரங்கு இருந்தது, மரம் இருந்தது, பேய் இருந்தது. மகன் அந்தப் பழைய சாம்பியனின் கட்டைத்தான் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கார்டாகச் சேர்த்திருக்கிறான். அதனால் நினைவுச் செட்டில் எல்லாமே அடக்கம். "ஆண்டவரு ஒரே டப்பாவுல போட்டுக் குடுத்துட்டாருன்னு நெனச்சேன்மா" என்றார். ஆட்டம் தெரிந்தவன் யாரும் ஏமாறாத இடம் அது. படம் மட்டும் தெரிந்த ஒரு தாய்க்குத்தான் அந்தத் தப்பு வாய்க்கும்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். எனக்கு உளுந்து வடை கொண்டுவருவார். லஞ்சம் என்று சொல்லித்தான் கொடுப்பார். கம்பெனிக்கு ஈமெயில் போடச் சொன்னார், போட்டேன். மரியாதையாக மறுத்துப் பதில் வந்தது. "அது மொத பதிலு" என்றார். பங்குச் சாமியாரிடம் டின்னைக் கொண்டுபோய் மந்திரிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் இது சூதாட்டமா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே தீர்த்தம் தெளிக்க, மேலே இருந்த குரங்கு நனைந்துவிட்டது. ஆன்ட்டி அதை ஹேர் டிரையர் வைத்துக் காயவைத்தாராம்.

ஒருநாள் கடையில் எல்லாரும் கார்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆடுவதைக் கவனித்தார். ஸ்லீவ் என்போம். பின்பக்கம் தெரியாதபடி கறுப்பாக இருக்கும். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப பின்பக்கம் வேறன்னு யாருக்கும்மா தெரியப் போகுது?"

"முன்பக்கம் தங்க ஓரம் தெரியுமே ஆன்ட்டி. தெரியாட்டியும் அந்த செட்டே ஆகாது."

"மத்தவங்க கார்டுக்கெல்லாம் ஓரம் என்ன கலரு?"

"கறுப்பு" என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை டின்னைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு கார்டின் தங்க ஓரத்தையும் கறுப்பு மார்க்கரால் பூசியிருந்தார். நாலு பக்கமும், படத்தின் மேல் ஒரு துளி படாமல். விரல் நுனிகளெல்லாம் கறுப்பு. அலமாரியில் வைத்து அழகு பார்க்கவாவது ஆகியிருக்கும் செட் அது, இனி அதற்கும் லாயக்கில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியாம்மா?"

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "ஆகாது ஆன்ட்டி, எத்தன தடவ சொல்றது! போட்டியில இத வச்சு ஆடுனா அவனைத்தான் வெளிய அனுப்புவாங்க!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கார்டுகளை நிதானமாக அடுக்கினார். "பூசைக்கு நேரமாச்சு. அடுத்த வாரம் வரேன்" என்றார்.

பெரிய போட்டி ஒன்று வந்தது. மண்டபம் எடுத்து நடத்தினார்கள். எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ஆன்ட்டியும் வந்துவிட்டார். மகன் அங்கே இருந்தான். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். நண்பனிடம் கடன் வாங்கிய கட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தான். ஆன்ட்டி பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் டின்னோடு நின்றார். நான் ஓடிப் போவதற்குள் தலைமை நடுவரைப் பிடித்துவிட்டார். அவர் சீனர், மெதுவாகப் பேசுகிறவர். ஆன்ட்டிக்காகத் தன் ஆங்கிலத்தை இன்னும் மெதுவாக்கி, விதியை விளக்கினார். ஆன்ட்டி தமிழில் ஆரம்பித்து, ஆங்கிலத்துக்குப் போய், கடைசியில் மலாயில், "போலே லா, பாஸ், போலே லா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முடியும், மனசு வைத்தால் முடியும் என்று திரும்பத் திரும்ப. குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

மகன் தலையைத் தூக்கிப் பார்த்தான். எதிரில் இருந்தவனிடம் ஏதோ சொன்னான். தோற்றதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான். கார்டுகளை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறிவிட்டான்.

ஆன்ட்டி அவன் முதுகைத்தான் பார்த்தார். "முடி வெட்டியிருக்கான்" என்றார்.

நான் பின்னால் போனேன். சரக்கு இறக்குகிற இடத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். நான் கார்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"கார்டெல்லாம் மேட்டரே இல்லக்கா. உண்மையச் சொன்னா, அவங்க அதக் கொட்டுனது நல்லதாப் போச்சு. கெளம்புறதுக்கு எனக்கு ஒரு ரீசன் கெடச்சுச்சு."

பிறகு அவன் பேசியதை நான் குறுக்கிடாமல் கேட்டேன். கட்டாய ராணுவச் சேவையில் இருந்தபோது சைனஸ் என்று சொல்லி, இவனைக் காட்டுப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள் என்று அம்மா அதிகாரிக்குப் போன் செய்திருக்கிறார். முகாமில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் கடைசி நாள் வரை போகவில்லை. ஒரு பெண் அவனை வேண்டாம் என்று சொன்னாள். அம்மா கேக் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டார். பாலிடெக்னிக் அலுவலகத்தில் அவர் அழுததை வகுப்பே பார்த்தது.

"அந்த ரீஎக்ஸாம் நான் கேக்கவே இல்லக்கா. ஐ டோல்ட் ஹர், எனக்குப் படிப்பு வேணாம், வேலைக்குப் போறேன்னு. நான் வேணாம்னு சொன்னா அது அவங்களுக்கு மொத பதிலுதான். என் வாழ்க்கையில ஒரு நோ கூட நோவா இருந்ததில்ல."

"என்ன செஞ்சா வருவ?" என்று கேட்டேன்.

சுவரை விட்டு நிமிர்ந்தான். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நோவ கேட்டுட்டு, சரின்னு அவங்க வீட்டுக்குப் போகட்டும். யார்கிட்டயும் எதுவும் கேக்காம. அப்ப நானே போறேன். ப்ராமிஸ்."

அடுத்த சனிக்கிழமை இதை அப்படியே ஆன்ட்டியிடம் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முகாமும் கேக்கும் உட்பட. சொல்லும்போது அவரைப் பார்க்க முடியாமல் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர், "எப்ப..." என்று ஆரம்பித்தார். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எழுந்தார், குடையை எடுத்தார். டின்னை என் பக்கமாக நகர்த்தினார்.

"சரிம்மா" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன், ஆனால் அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு கேள்வி வரும். அன்றைக்கு வரவில்லை. படிகளில் இறங்கிப் போய்விட்டார். போட்டியன்று மகன் தந்த எண்ணுக்கு உடனே செய்தி அனுப்பினேன். எனக்குச் சந்தோஷத்தில் ஆட்டம் ஓடவில்லை. யாரோ கேட்ட விதிக்குத் தப்பாக விளக்கம் சொன்னேன்.

அதற்கப்புறம் அவர் கடைக்கு வரவே இல்லை. அவனும் புக்கிட் பாத்தோக்குக்குப் போகவில்லை. மாதங்கள் போயின. அந்தப் பங்குக்குப் போகிற என் சிநேகிதி சொன்னாள், ஆன்ட்டி இப்போதெல்லாம் யாருக்காகவும் எங்கேயும் போவதில்லையாம். பானக் கடை ஒப்பந்தத்தை இந்த வருஷம் புதுப்பிக்க மாட்டோம் என்று பள்ளியில் சொன்னபோதுகூட, சரி என்று வந்துவிட்டாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவனிடம் முகவரி கேட்டு, டின்னை எடுத்துக்கொண்டு மார்சிலிங்குக்குப் போனேன். அவன் வீட்டுக்குக் கீழே காப்பிக் கடைக்கு அவனை வரச்சொல்லி, டின்னை முன்னால் வைத்தேன். திறந்தான். குரங்கை எடுத்தான், மரத்தை எடுத்தான். கறுப்பு ஓரத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"இதெல்லாம் அவங்களே அடிச்சாங்களா?"

"ஆமா. நீ சொன்ன மாதிரியே இருக்காங்க. யார்கிட்டயும் எதையும் கேக்கறதில்ல. நீ ப்ராமிஸ் பண்ணியே?"

"தெரியும்கா. போகணும்னுதான் தெனமும் நெனைக்கிறேன்." கார்டுகளை வரிசை மாறாமல் உள்ளே அடுக்கினான். "பட் இந்த மாதிரி நிம்மதியா நான் இருந்ததே இல்லக்கா. யாரும் எனக்காக எங்கயும் போய் நிக்கல. காலையில எந்திரிச்சா அது ஒண்ணுதான் தோணுது."

"ஒரு தடவ போய்ட்டு வந்துடேன். அரை மணி நேரம். ப்ளீஸ் லா." அவன் கையைப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் சங்கடமாகச் சிரித்தான். "நீங்களும் அப்பீலாக்கா?" டின்னை மூடி என்னிடமே தள்ளினான். அறையில் இடமில்லை என்றான்.

போன வாரம் லிட்டில் இந்தியாவில் ஆன்ட்டியைப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில், காய்கறிப் பையோடு. கொண்டை சிறுத்துவிட்டது. என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்து அருகில் உட்காரவைத்தார். அவருடைய பஸ் வந்தது. கூட்டம் ஏறியது, இவர் எழுவதற்குள் கதவை மூடிக்கொண்டு நகர்ந்தது. பத்தடி தள்ளி விளக்குக்காக நின்றது. நான் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். ஓட்டுநர் கையை ஆட்டினார். மறுபடி தட்டினேன்.

"விடும்மா, அடுத்தது வரும்" என்றார் பின்னாலிருந்து.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நான் மார்சிலிங்குக்குப் போனதை அவரிடம் சொல்லவில்லை. தானாகவே, "அவன் நல்லா இருக்கான் ஆன்ட்டி. இன்னும் ஆடுறான்" என்றேன்.

"சரிம்மா" என்றார்.

எங்கே ஆடுகிறான், என்றைக்கு ஆடுகிறான், தன்னைப் பற்றிக் கேட்டானா என்று எத்தனையோ கேட்கலாம். அவர் உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன். இப்போது வாயைத் திறந்தால் இத்தனை நாள் கேட்காமல் இருந்தது வீணாகிவிடும், வருகிறவன் வராமல் போய்விடுவான் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். அடுத்த பஸ் வந்தது. எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு, கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.

ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், மார்சிலிங் முகவரியைச் சொல்லியிருப்பேன்.